பழைய ரதியும் புதிய ரதியும்

சென்ற திங்கள் நம் மன்றத்தில் ‘பழைய படமும் மறுபதிப்பும்’ என்ற தலைப்பில் ஓர் உரையாடல் நிகழ்ந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நண்பர் 1980-இல் வந்த ‘பில்லா’வையும் 2007-இல் வந்த ‘பில்லா’வையும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் வெளுத்து வாங்கினார். மற்றொருவர் ‘தில்லுமுல்லு’வைப் பிடித்துக்கொண்டார். என் முறை வந்தது. “நான் ‘ரதிநிர்வேதம்’ பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்” என்றேன். பின்வரிசையில் ஒரு கனைப்பு எழுந்தது; அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு; பிறகு கூடம் முழுவதும் சிரிப்பு. “அந்தப் படமா? வேறு படமே கிடைக்கவில்லையா?” என்று கேட்டார் ஒருவர். நேரமாகிவிட்டதென்று தலைவரும் கூட்டத்தை முடித்துவைத்தார். பேச விடாததை எழுத விட்டார்கள் மலர்க்குழுவினர். ஆதலின் இக்கட்டுரை.

காமத்துக்கென்று இருநூற்றைம்பது குறளை ஒதுக்கிவைத்த மொழி நம்முடையது. ஆயினும் ‘அந்தப் படம்’ என்று சொல்லும்போது நம் குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. இது எப்படி நேர்ந்தது என்பதே தனி ஆராய்ச்சிக்குரிய பொருள். இப்போது படத்துக்கு வருவோம்.

‘ரதிநிர்வேதம்’ 1978-இல் வந்த மலையாளப் படம். கதையும் திரைக்கதையும் பத்மராஜன். அவருடைய குறுநாவலே படமாயிற்று. இயக்கியவர் பரதன். பரதன் நமக்கு அயலார் அல்லர். 1992-இல் ‘தேவர் மகன்’ படத்தை இயக்கியவர் அவரே. பத்மராஜன் எழுத்தில் 1979-இல் தாம் எடுத்த ‘தகர’ என்ற படத்தைத் தமிழில் ‘ஆவாரம்பூ’ என்று திரும்ப எடுத்தவரும் அவரே. ஓவியராகவும் கலை இயக்குநராகவும் இருந்து இயக்கத்துக்கு வந்தவர் ஆதலால், அவர் படங்களில் பச்சை நிறம் கூடப் பத்து வகையாகத் தெரியும்.

கதை சிறியது. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி திறப்பதற்காகக் காத்திருக்கும் பதினாறு வயதுப் பையன் பப்பு. அடுத்த வீட்டில் அவனைச் சிறு வயது முதல் தம்பியாகப் பார்த்து வந்த ரதி. அவனைவிடப் பல ஆண்டுகள் மூத்தவள், மணமாகாதவள். அவளை அவன் ‘சேச்சி’ என்று அழைக்கிறான். சேச்சி என்றால் அக்காள் என்று பொருள். இதை ஏன் விளக்குகிறேன் என்பது பின்னால் தெரியும். அந்த விடுமுறையில் அவன் கண் மாறிவிடுகிறது. அவன் ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முந்திய இரவு, சர்ப்பக்காவில், கொட்டும் மழையில் இருவரும் சந்திக்கிறார்கள். ரதியைப் பாம்பு தீண்டுகிறது, அவள் இறக்கிறாள். பப்பு கல்லூரிக்குப் போகிறான். அவ்வளவுதான் கதை.

பெயரிலேயே கதை இருக்கிறது. ‘ரதி’ என்பது அவள் பெயர். காம உணர்வுக்கும் அதுவே பெயர். ‘நிர்வேதம்’ என்பது வெறுப்பும் சோர்வுமாகப் பற்று அறுந்து நிற்கும் நிலை. பரதமுனிவரின் நாட்டிய நூல் கூறும் முப்பத்துமூன்று சஞ்சாரி பாவங்களுள் முதலில் நிற்பது இதுதான். ஆகவே வேட்கையில் தொடங்கி அதன் சாம்பலில் முடிகிற கதை என்று பெயரே சொல்லிவிடுகிறது. நம் தொல்காப்பியரும் இதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறார். பெருந்திணையில் ‘இளமைதீர் திறம்’ என்று ஒன்று உண்டு. தலைவி மூத்தவளாகவும் தலைவன் இளையவனாகவும் இருப்பதும் அதனுள் அடங்கும் என்பார் இளம்பூரணர். பொருந்தாக் காமம் என்று பெயரிட்டார்களே தவிர, அப்படி ஒன்று உலகில் இல்லையென்று நம் முன்னோர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

இனி மறுபதிப்பைப் பார்ப்போம். 2009-இல் ‘நீலத்தாமர’ என்ற பழைய படத்தைத் தயாரிப்பாளர் சுரேஷ்குமார் மீண்டும் எடுத்தார், நன்றாக ஓடிற்று. (நடிகை கீர்த்தி சுரேஷின் தந்தை என்றால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும்.) அந்தத் துணிவில் 2011-இல் ‘ரதிநிர்வேத’மும், 2012-இல் ‘சட்டக்காரி’யும் வந்தன. நம் லட்சுமி 1974-இல் மலையாளத்திலும் 1975-இல் ‘ஜூலி’ என்று இந்தியிலும் நடித்துப் புகழ் பெற்ற கதையே ‘சட்டக்காரி’. புதிய ‘ரதிநிர்வேத’த்தை இயக்கியவர் டி.கே. ராஜீவ்குமார். ஜெயபாரதி நடித்த வேடத்தில் சுவேதா மேனன். கிருஷ்ணசந்திரன் நடித்த பப்புவாக ஸ்ரீஜித் விஜய். கதையை அவர்கள் மாற்றவில்லை. படம் வசூலிலும் குறைவைக்கவில்லை. ஆயினும் பழையதைக் கண்டவர் எவரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஏன்? இந்தக் கேள்வியோடு இரண்டு வாரம் நான் மாதுங்கா, செம்பூர், தாராவி என்று அலைந்தேன்.

முதலில் கேட்டது என் பெரியப்பாவை. மாதுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லேபர் கேம்பில் எங்கள் வரிசையிலேயே குடியிருக்கிறார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். மும்பைக்கு வருமுன், இருபது வயதில், நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் இருந்தபோது நான்கு பேராகக் களியக்காவிளை எல்லையைத் தாண்டிப் போய் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். கேள்வியைக் கேட்டதும் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் பெரியம்மா இல்லையென்று உறுதி செய்துகொண்டார்.

“ஏலே, ஜெயபாரதி எங்கே, இது எங்கே! அந்த மழை இருக்கு பாரு, அது மழைலே. துண்டைத் தலையில போட்டுக்கிட்டுல்லா உள்ள போனோம். பக்கத்துல ஒருத்தன் உட்கார்ந்தான். பார்த்தா எங்க பட்டறை முதலாளி! அவரும் துண்டு, நானும் துண்டு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்ல. மறுநாள் அவரு என்னைத் திட்டவும் இல்ல.”

புதிய படத்தை அவர் தொலைக்காட்சியில் பாதி பார்த்தாராம். “பொம்மைக் கடை மாதிரி இருக்கு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பெரியப்பா சொன்னதில் படத்தைவிடத் துண்டுதான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். எல்லை தாண்டியதும், ஒளிந்து நுழைந்ததும், முதலாளியைக் கண்டதும் அவருக்குப் படத்தின் பகுதிகளாகவே ஆகிவிட்டன. இவற்றையெல்லாம் எந்த இயக்குநர் மறுபடியும் எடுத்துத் தர முடியும்? என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் தாராவித் தொண்ணூறடிச் சாலையில் தோல்பை கடை வைத்திருக்கிறார். 2011-இல் அவருக்கு இருபது வயது. குறுந்தகடு வாங்கி நண்பர்களோடு புதிய படத்தைப் பார்த்தவர். “ஏமாத்திட்டானுங்கடா. இதுக்கா இவ்வளவு பேச்சு? எல்லாத்தையும் கைபேசியில பார்த்தாச்சே” என்கிறார். ஒருவருக்கு மழையே போதுமானதாக இருந்தது. மற்றவருக்கு எதுவும் போதவில்லை. ஆயினும் இருவரும் ஒன்றைத் தேடித்தான் படத்துக்குப் போனார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மலையாளப் படம் என்றாலே தமிழனுக்கு ஒரு காலத்தில் அந்தத் தேட்டந்தான். 1989-இல் ‘அஞ்சரைக்குள்ள வண்டி’ வந்தது, 2000-இல் ‘கின்னாரத் தும்பிகள்’ வந்தது, இடையில் எத்தனையோ. நல்ல படத்துக்கும் மட்டமான படத்துக்கும் ஒரே சுவரொட்டி, ஒரே கண்சிமிட்டல். பரதனும் பத்மராஜனும் அந்தக் கும்பலோடு சேர்த்துக் கட்டப்பட்டார்கள். ‘சேச்சி’ என்ற சொல்லின் கதி என்னவாயிற்று! மருத்துவமனையில் இரவெல்லாம் கண்விழித்து நம் வீட்டுக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் செவிலியை அழைக்கும் சொல் அது. அதை நம் பையன்கள் கேலிச் சொல்லாக்கி வைத்திருந்தார்கள். ‘பிரேமம்’ (2015) சென்னையில் இருநூறு நாளுக்கு மேல் ஓடி, ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) தமிழ்நாடெங்கும் கொண்டாடப்பட்ட பிறகு மலையாளப் படத்துக்கு மரியாதை வந்துவிட்டது. பழைய சேச்சிக்குத்தான் அது வரவில்லை.

அடுத்துச் செம்பூருக்குப் போனேன். எனக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியை அங்கே இருக்கிறார். பாலக்காட்டுத் தமிழர், மலையாளமும் நன்றாகப் படிப்பார். நாவல், பழைய படம், புதிய படம் மூன்றையும் அறிந்தவர் அவர் ஒருவர்தான். தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை.

“கேட்டயா, புதுப் படத்துல மழை பெய்யறது, ஆனா ஒண்ணுமே நனையலை. எல்லாம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. சுவேதாவை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவ நன்னா நடிக்கறவ. ஆனா முதல் காட்சியிலேயே கேமரா அவளை அந்தப் பார்வை பாத்துடறதே! பழைய படத்துல அந்தப் பார்வை முதல்ல இல்லை. அவ வெறும் அக்கா. பையனோட கண்ணு மாறறச்சேதான் நம்ம கண்ணும் மாறும். அப்போ நமக்கே ஒரு கூச்சம் வரும். அந்தக் கூச்சந்தாண்டா கதை.”

கணக்காசிரியை அல்லவா? இரண்டு வரியில் விடையைப் போட்டுவிட்டார். அதன்பிறகு நண்பர்கள் ஐவர் சேர்ந்து ஒரே நாளில் இரண்டு படங்களையும் பார்த்தோம். அவர் சொன்னது மெய்யென்றே எனக்குப் பட்டது. சுவேதா மேனன் நம் மும்பையில் விளம்பர உலகிலும் இந்திப் படங்களிலும் பல்லாண்டு பணியாற்றியவர். அதே 2011-இல் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்துக்காகச் சிறந்த நடிகை என்று கேரள அரசின் விருது பெற்றவர். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் படம் வருமுன்பே அவர் சுவரொட்டியில் ‘ரதி’ ஆகிவிட்டார். ஜெயபாரதி அப்போது இருபத்துநான்கை எட்டாதவர். பக்கத்து வீட்டு அக்காளாகவே திரையில் நுழைந்தார். கிருஷ்ணசந்திரனோ மீசை சரியாக அரும்பாத பையன். பின்னாளில் பாடகராகப் பெயர் பெற்றவர். புதிய பப்பு வளர்ந்த இளைஞனாகத் தெரிகிறார். அந்தத் தவிப்பு அவர் முகத்தில் ஒட்டவில்லை. பழைய படத்தில் ராமச்சந்திர பாபுவின் ஒளிப்பதிவு இருட்டை இருட்டாகவே விட்டுவைத்தது. புதியதில் காவுக்குள்ளும் வெளிச்சம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

சர்ப்பக்காவு என்றால் என்னவென்று நண்பர்களுள் மூவருக்குத் தெரியவில்லை. கேரளத்து வீடுகளை அடுத்து நாகத்துக்கென்று வெட்டாமல் விட்டுவைக்கும் மரச்செறிவு அது. விளக்கு வைப்பார்கள், தீட்டோடு உள்ளே போகமாட்டார்கள். அங்கே போய் முறை தவறினால் பாம்பு சும்மா விடாது என்பது நம்பிக்கை. ஆகவே கதையில் வரும் பாம்பு தற்செயலாக வந்ததன்று. நம் ஊர்களில் அய்யனார் தோப்பும் புற்றும் உண்டே, அவை போல. பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுத்தெழும் எங்கள் லேபர் கேம்பில் காவுக்கு எங்கே போவது? இங்கே இருவர் தனியாகப் பேச வேண்டுமென்றால் பாந்திராக் கடற்கரையில் ஆயிரம் பேருக்கு நடுவில் உட்கார்ந்து பேச வேண்டும். கூட்டமே இங்கு மறைவிடம்.

படம் முடிந்தபின் எங்களுள் சூடான வாக்குவாதம் ஒன்று மூண்டது. மூட்டியவர் சட்டம் பயிலும் தோழி. “நீங்கள் எல்லாரும் எந்த நடிகை அழகு என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பையனுக்கு வயது பதினாறு. 1978-இல் தண்டனைச் சட்டத்தின் அந்தப் பிரிவு பெண்பிள்ளையின் வயதைத்தான் பார்த்தது. பையனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. பதினெட்டு நிரம்பாத எவரும், ஆணானாலும் பெண்ணானாலும், குழந்தைதான். இதே கதையில் ஆண் மூத்தவனாகவும் பெண் பதினாறு வயதினளாகவும் இருந்தால் ‘மழை அழகு’ என்று சொல்லுவீர்களா?” என்றார்.

எவரும் வாய் திறக்கவில்லை. மறுபதிப்பு வந்ததற்கு மறு ஆண்டுதான் அந்தச் சட்டம் வந்தது என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அப்படம் தியேட்டரை விட்டு இறங்கிய கொஞ்ச காலத்திற்குள் கதையின் பொருளே மாறிவிட்டது. ‘சிறுவனின் முதற்காதல்’ என்று நாற்பது ஆண்டு சொல்லி வந்ததை இனி அப்படியே சொல்ல முடியாது.

ஆனால் அதே தோழி பிறகு சொன்னதுதான் என்னை உறுத்திற்று. “இன்னொன்றையும் பாருங்கள். பையன் கல்லூரிக்குப் போகிறான். அவள் சாகிறாள். இருவரும் செய்ததற்குப் பாம்பு ஒருத்தியைத்தானே கடிக்கிறது? பாம்புக்குக்கூட யாரைக் கடிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.”

நான் இந்தப் படத்தை ஏன் எடுத்தேன் என்று மன்றத்தில் கேட்டார்களே, அதற்கு இப்போது விடை சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது எங்கள் வரிசையில் ஓர் அக்காள் இருந்தார். பகலில் தையல் வேலை. மாலையில் பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு வீட்டு மாடியறையில் பாடம் சொல்லித்தருவார். மாதம் இருநூறு ரூபாய். தராதவர்க்கும் பாடம் உண்டு. அவரிடம் படித்த ஒரு பையன் அவருக்கு எழுதிய கடிதம் ஒன்று எப்படியோ வெளியே வந்துவிட்டது. எழுதியவன் அவன். அவர் பதில் எழுதினாரா, அதைப் படித்தாரா என்றுகூட எவருக்கும் தெரியாது. எவரும் கேட்கவும் இல்லை. ஆனால் ஒரு வாரத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. ‘ரதி’. குழாயடியில் தண்ணீருக்கு அவர் நின்றால் எங்களில் ஒருவன் “ரதி” என்பான், மற்றவர்கள் சிரிப்போம். நானும் சிரித்தேன். அந்தப் பெயர் ஒரு படத்திலிருந்து வந்தது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. பெரியவர்கள் சீட்டாடும் இடத்தில் பிறந்து எங்களிடம் இறங்கி வந்த பெயர் அது. பிறகு பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டு வாரத்தில் அக்காள் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவ்வாண்டே அந்தப் பையனுக்கு நவி மும்பையில் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவன் வீட்டில் எல்லாருக்கும் பேடா கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது, தின்றேன்.

மன்றத்தில் எழுந்த சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. வேறொன்றுமில்லை.

படங்களைப் பார்த்து முடித்த மறுநாள் பெரியப்பாவிடம் மீண்டும் போனேன். “பெரியப்பா, கடைசியில் ரதி சாகும்போது தியேட்டரில் என்ன சொன்னார்கள்?” என்று கேட்டேன். அவர் விழித்தார்.

“செத்தாளா? எப்ப செத்தா?”

“பாம்பு கடித்துச் சாகிறாளே.”

“அது எனக்குத் தெரியாதேலே. அந்த மழை முடிஞ்சதும் நாங்க எழுந்திரிச்சு வந்துட்டோம். நாகர்கோவிலுக்குக் கடைசி பஸ் அப்ப. தியேட்டர்ல பாதிப் பேரு வந்துட்டான்.”

நாற்பது ஆண்டுக்கு மேல் அவர் புகழ்ந்து வந்த படத்தின் முடிவை அவர் பார்க்கவே இல்லை. கைபேசியை எடுத்துப் பழைய படத்தின் கடைசிப் பகுதியைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பெரியம்மா உள்ளேயிருந்து வந்து பின்னால் நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை. முடிந்ததும் கைபேசியைத் திருப்பித் தந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, “அந்த டியூசன் புள்ள இப்ப எங்கேலே இருக்கு?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம் ஏதோ ஊர் என்று பெரியம்மா சொன்னார்.